ஆடுகளம் கண்ட ஆசிரியர்

தனக்கென ஒரு மொழியும் தனக்கென ஓர் ஆட்டமும் உடைய சிறியதோர் இனம், பெரியதோர் இனத்தின் ஆட்சிக்குக் கீழ் நெடுங்காலம் வாழ நேருமாயின், அவ்விரண்டும் மெல்ல மெல்ல அவ்வினத்தார்க்கே நாணத்தக்க பொருள்களாகிவிடுகின்றன. கற்றவன் தாய்மொழியை அடுக்களையோடு நிறுத்திக்கொள்கிறான். அவன் மகனோ பாட்டன் ஆடிய ஆட்டத்தின் பெயரையும் அறியாது வளர்கிறான். அந்நிலையில் எவரேனும் ஒருவர் எழுந்து, எஞ்சியிருப்பதைச் சுற்றி வேலி கட்டுகிறார். பயிர் தழைக்கிறது. தழைத்தபின்னரும் வேலி வேண்டுமா, வாயில் ஒன்று வைக்கலாமா, வைத்தால் அதனை யாருக்குத் திறப்பது என்னும் வினாக்கள் அதன்பின் எழுகின்றன. தமிழ் கற்பித்தலைத் தொழிலாகக் கொண்ட எம்மனோர்க்கு இவ்வினாக்கள் புதியன அல்ல. ஆயினும் இவற்றுக்கு விடை தேடி நான் சென்றது தமிழ்நாட்டுக்கும் அன்று, ஈழத்துக்கும் அன்று. மேற்குக் கடலின் எல்லையிலுள்ள அயர்லாந்து என்னும் தீவுக்கே சென்றேன். அங்கே எனக்குக் கிடைத்தவர் என்னைப்போல ஒரு பள்ளி ஆசிரியர். அவர் பெயர் மைக்கேல் கியூசக்.

அயர்லாந்தின் தலைநகராகிய டப்ளினில் குரோக் பார்க் என்னும் மாபெரும் விளையாட்டரங்கு ஒன்று உண்டு. ஏறத்தாழ 82,000 மக்கள் அமர்ந்து காணத்தக்கது. கெயிலிக் விளையாட்டுச் சங்கம் என்னும் மக்கள் அமைப்புக்கு அது உரியது. அந்நாட்டின் பழைய ஆட்டங்களாகிய ஹர்லிங் என்னும் கோற்பந்தாட்டமும், கெயிலிக் உதைபந்தாட்டமும் அங்கே ஆடப்படும். ஆங்கில நாட்டிலிருந்து வந்த றகருக்கும், உலகெங்கும் பரவிய மற்றை உதைபந்தாட்டத்துக்கும் அதன் கதவுகள் நெடுங்காலம் அடைத்தே கிடந்தன. 2005 ஆம் ஆண்டு ஏப்ரல் 16 ஆம் நாள் அச்சங்கத்தின் ஆண்டு மாநாடு 227 வாக்குகளுக்கு 97 என்னும் அளவில் அக்கதவுகளைத் திறந்துவிட இசைந்தது. அந்நாட்டு வரலாற்றில் அஃது ஒரு பெருநிகழ்ச்சி. அக்கதவுகளை முதலில் நாட்டியவர்களுள் முதல்வர் கியூசக் ஆவார். அவர் அவற்றை எதற்காக நாட்டினார் என்பதை அறிந்தாலன்றித் திறந்ததன் பொருள் விளங்காது.

பஞ்சத்திற் பிறந்த பிள்ளை

கியூசக் 1847 ஆம் ஆண்டு செப்டெம்பர் 20 ஆம் நாள் பிறந்தார். அயர்லாந்தின் மேற்கில், கிளேர் மாவட்டத்தில், பரன் என வழங்கும் சுண்ணாம்புப் பாறை நிலத்தின் ஓரத்திலுள்ள கரன் என்னும் சிற்றூர் அவர் பிறந்த இடம். தந்தையார் பிறர் மந்தையை மேய்த்துப் பிழைத்தவர். வீட்டில் வழங்கிய மொழி ஐரிஷ் மொழியே. ஆங்கிலம் பின்னர்ப் பள்ளியிற் கற்றுக்கொண்டது.

பிறந்த ஆண்டை ஊன்றி நோக்குதல் வேண்டும். 1845 இல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கிற்று. அதனையே உணவாகக் கொண்டிருந்த ஏழைமக்கள் ஏறத்தாழப் பத்து இலட்சம்பேர் அடுத்த சில ஆண்டுகளில் பசியாலும் காய்ச்சலாலும் மாண்டனர். அதற்குக் குறையாத தொகையினர் கப்பலேறி அமெரிக்கா முதலிய நாடுகளுக்குச் சென்றனர். அவ்வாண்டுகளுள்ளும் கொடியது 1847. அப்பெருஞ்சாவு மிகுதியும் பற்றியது மேற்குப் பகுதிகளை. ஐரிஷ் மொழி உயிரோடிருந்ததும், ஹர்லிங் ஆட்டம் ஊர்தோறும் ஆடப்பட்டதும் பெரும்பாலும் அப்பகுதிகளிலேதான். ஆகவே பஞ்சம் உண்டது மக்களை மட்டுமன்று. அவர் நாவிலிருந்த சொல்லையும், கையிலிருந்த ஆட்டக் கோலையும் அது உடன் உண்டது. எஞ்சியோர் தம் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தையே ஊட்டினர். ஊரைவிட்டுப் போவதற்கு அதுவே துணையென்று அவர்கள் கருதியதைக் குறைகூற யாருக்கும் வாய் இல்லை.

ஆசிரியர் கியூசக்

அறிவுக்கூர்மையுள்ள ஏழைப் பிள்ளைக்கு அக்காலத்தில் திறந்திருந்த வழி ஆசிரியத் தொழில். கியூசக் பயிற்சி பெற்று, 1866 இல் கோல்வே மாவட்டத்திலுள்ள லொக் குற்றா என்னும் இடத்தில் ஒரு பள்ளியின் ஆசிரியரானார். 1871 இல் வடபகுதியிலுள்ள நியூறி நகரின் சென்ற் கொல்மன் கல்லூரிக்குச் சென்றார். பின்னர் பிளாக்றொக், கிளொங்கோஸ் முதலிய பெயர்பெற்ற கல்லூரிகளிற் கற்பித்தார். 1877 இல் டப்ளினிலே தமக்கென ஒரு கல்விக்கழகம் நிறுவினார். அரசாங்கச் சேவைக்கும், பொலிஸ் அதிகாரிப் பதவிக்கும், பல்கலைக்கழகப் புகுமுகத்துக்கும் இளைஞரை ஆயத்தஞ் செய்வது அதன் நோக்கம். இலிகிதர் சேவைப் பரீட்சைக்குப் பிள்ளைகளை ஆயத்தஞ் செய்த வகுப்புகளால் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் எத்தனை குடும்பங்கள் தலைநிமிர்ந்தன என்பதை அறிந்த நமக்கு, அத்தகைய ஆசிரியரின் மதிப்பை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அவர் கல்விக்கழகம் செழித்தது. வருவாயும் மிக்கது.

இனி நான் கூறப்போவதை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். இக்காலத்தில் கியூசக் ஆங்கில ஆட்டங்களின் பகைவர் அல்லர், அவற்றின் காதலர். தம் மாணவரைச் சேர்த்து றகர் அணி ஒன்று அமைத்து, அதில் தாமும் இறங்கி முன்னணியில் நின்று முட்டி மோதினார். குண்டு எறிதலில் அயர்லாந்தின் வாகை பெற்றார். கிறிக்கெற் ஆட்டத்தின் மீதோ அவருக்கு அளவற்ற பற்று. 1882 ஆம் ஆண்டிற்கூட, அயர்லாந்தின் ஊர்தோறும் கிறிக்கெற் கழகம் அமையவேண்டும் என்று பத்திரிகையில் எழுதினார். அதற்கு இரண்டு ஆண்டுகளின் பின்னர் நாட்டு ஆட்டங்களுக்கெனத் தனிச்சங்கம் கண்டவர் இவரே.

மனமாற்றத்தின் காரணம்

இம்மாற்றம் எங்ஙனம் நிகழ்ந்தது? வெறுப்பினால் நிகழ்ந்ததென்று கூறுவோர் உளர். அவர் வாழ்க்கையைத் தொடர்ந்து நோக்கினால் அது பொருந்தவில்லை. முதலாவது காரணம் மொழி. 1880 இல் ஐரிஷ் மொழியை மீட்டெடுக்கும் முயற்சியில் பிரிவினர் சிலர் கெயிலிக் ஒன்றியம் என்னும் அமைப்பைக் கண்டனர். கியூசக் அதன் பொருளாளராக உழைத்தார். 1882 இல் அவ்வொன்றியம் ஐரிஷ் மொழிக்கென ஓர் இதழைத் தொடங்கியது. தாய்மொழியின் அழிவை நாள்தோறும் எண்ணிப்பார்க்கும் ஒருவர், அதே வேகத்தில் அழிந்துகொண்டிருந்த தாய்நாட்டு ஆட்டத்தை எண்ணாதிருத்தல் இயலாது. பிள்ளைப் பருவத்தில் தாம் கண்ட ஹர்லிங் அவர் நினைவில் மீண்டது.

இரண்டாவது காரணம் ஏழைமக்கள் மேல் வைத்த பரிவு. அக்காலத்து ஓட்டம், பாய்ச்சல், எறிதல் ஆகிய போட்டிகள் ஆங்கில விதிகளின்படி நடந்தன. அவற்றை நடத்தியோர் கனவான்களையே விளையாட்டு வீரராக மதித்தனர். கைத்தொழிலாளரும் கூலிவேலை செய்வோரும் பல போட்டிகளிற் சேர்த்துக்கொள்ளப்படவில்லை. வேலைசெய்வோனுக்கு ஓய்வுள்ள நாள் ஞாயிறு ஒன்றே. அந்நாளிற் போட்டி நடத்துதலும் தகாதெனப்பட்டது. மந்தை மேய்ப்பவரின் மகனாகிய கியூசக்குக்கு இது பொறுக்கவில்லை. ஆங்கில ஆட்டத்தின் மேல் அவர் கொண்ட சினம், உண்மையில் அவ்வாட்டத்தின் வாயிலிலே நின்று ஏழையைத் தள்ளிய கையின்மேற் கொண்ட சினமே என்பது என் துணிபு. இதனை மறந்தோர் பின்னாளில் அவர் பெயராற் செய்தவை பல.

1883 இல் அவர் தம் மாணவரையும் நண்பரையும் சேர்த்து, டப்ளினில் ஹர்லிங் கழகம் ஒன்றை அமைத்தார். பீனிக்ஸ் பூங்காவில் பயிற்சி நடந்தது. 1884 இன் உயிர்த்த ஞாயிற்றுக்கு மறுநாள், தம் அணியோடு கோல்வே மாவட்டத்தின் பலினஸ்லோவுக்குச் சென்று, கில்லிமோர் ஊரார் அணியோடு மோதினார். ஊருக்கு ஒரு விதி. ஆட்டம் குழப்பத்தில் முடிந்தது. ஏட்டுக்கு ஏடு பாடபேதம் மலிந்த நூலைப் போல ஆட்டம் சிதைந்து கிடப்பதை அவர் கண்டார். பலரும் ஒப்பும் ஒரே விதி வேண்டும், அதனை வகுத்துக் காக்க ஒரு சங்கம் வேண்டும் என்று துணிந்தார்.

தேர்லஸ் நகரில் எழுவர்

1884 ஒக்டோபர் 11 ஆம் நாள், ஐரிஷ் விளையாட்டுக்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை வெளிவந்தது. புகழ்பெற்ற வீரரான மோறிஸ் டேவின் உடனே ஆதரித்து எழுதினார். நவெம்பர் 1 ஆம் நாள், தேர்லஸ் நகரத்தில், ஹேய்ஸ் என்பாரின் விடுதியிலே கூட்டம் கூடியது. வந்தோர் எழுவர் என்று மரபு கூறும். டேவின் தலைவரானார், கியூசக்கும் வேறு இருவரும் காரியதரிசிகள் ஆயினர். கெயிலிக் விளையாட்டுச் சங்கம் பிறந்தது. காஷல் அதிமேற்றிராணியார் தோமஸ் குரோக், அரசியல் தலைவர் பார்னல், உழவர் தலைவர் மைக்கேல் டேவிற் ஆகிய மூவரும் போஷகராயினர்.

அவ்வெழுவருள் ஒருவரை மட்டும் இங்கே தனித்துக் குறிப்பிடுதல் வேண்டும். தோமஸ் மக்கார்த்தி என்பார் கியூசக்கின் பழைய மாணவர். அவரிடம் கற்றுப் பரீட்சையில் தேறி அரசாங்கப் பொலிஸ் அதிகாரியானவர். 1882 இல் அயர்லாந்தின் றகர் அணியில் வேல்ஸ் நாட்டுக்கு எதிராக ஆடியவர். றகர் வீரரும் ஆங்கில அரசின் பொலிஸ் அதிகாரியுமான ஒருவர், சங்கம் பிறந்த அறையிலே பிறப்புக்குச் சான்றாக அமர்ந்திருந்தார். அவரை அழைத்தமர்த்திய ஆசிரியர் அதனை முரணாகக் கருதவில்லை. சில ஆண்டுகளுக்குள், றகர் ஆடுவோனும் பொலிஸ்காரனும் சங்கத்தில் இருக்கலாகாது என்று விதி வந்தது. மக்கார்த்தி 1943 வரை வாழ்ந்து மறைந்தார். தாம் தோற்றுவித்த சங்கத்தின் விதியின்படி அவர் இரண்டு முறை விலக்கத்தக்கவர்! அவர் கல்லறையில் நெடுங்காலம் பெயர்க்கல்லும் இல்லை; 2009 இலேதான் சங்கத்தார் கல் நாட்டினர்.

எழுச்சியும் வீழ்ச்சியும்

சங்கம் காட்டுத்தீயெனப் பரவியது. பங்குதோறும் அணி, மாவட்டந்தோறும் குழு. பஞ்சத்தின்பின் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஓய்ந்துகிடந்த வயல்வெளிகளில் மறுபடி ஆரவாரம் எழுந்தது. கியூசக்கும் வேலி கட்டியவர்தாம் என்பதை மறைத்தல் முறையன்று. 1885 இல் எதிர்ச்சங்கம் ஒன்று தோன்றியபோது, அதன் விதிகளின்கீழ்ப் போட்டியிடுவோர்க்கு இங்கே இடமில்லை என்று தடைவிதிக்க அவரும் முன்னின்றார். முளைத்து நாலிலை விடாத பயிரை ஆடு மேயாதபடி காத்த செயல் அது. இரு சங்கத்தாரும் இணங்கியதும் அத்தடை நீங்கிற்று.

ஆனால், நாட்டையே மைதானத்துக்கு அழைத்தவருக்கு நண்பரோடு இணங்கிப்போகும் கலை வரவில்லை. கருந்தாடியும் முட்கோலும் இடிக்குரலுமாக டப்ளின் தெருக்களில் உலாவிய அவர், எவரையும் எடுத்தெறிந்து பேசுவார். கடிதங்களுக்கு விடையெழுதார். கணக்கு ஏடுகளை ஒழுங்காக வையார். அதிமேற்றிராணியாரோடும் பிணங்கினார். 1886 யூலையில், தேர்லஸ் நகரிலேயே, சங்கம் பிறந்து இரண்டாண்டு நிரம்புமுன், அவர் காரியதரிசிப் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். குற்றம் முழுவதும் பிறருடையது என்று கூற நான் ஒருப்படேன். விதை விதைப்போன் வேறு. களஞ்சியக் கணக்கெழுதுவோன் வேறு. இருவர் தொழிலும் ஒருவரிடம் அமைவது அரிது.

1887 இல் வாரப்பத்திரிகை ஒன்றைத் தொடங்கினார். அஃது ஓராண்டே வாழ்ந்தது. கல்விக்கழகம் தளர்ந்தது. 1890 இல் மனைவியார் காலமானார். அதன்பின் வீட்டுக்கு வீடு மாறி, தனிப்பாடம் சொல்லிக்கொடுத்தும் பத்திரிகைக்கு எழுதியும் நாள் கழித்தார். 1901 இல் மறுபடி காரியதரிசிப் பதவிக்கு நின்று மிகச் சில வாக்குகளால் தோற்றார். 1906 நவெம்பர் 27 ஆம் நாள் டப்ளினிலே மறைந்தபோது அவருக்கு வயது 59. கிளாஸ்நெவின் மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார். சங்கமோ அந்நாளில் நாடெங்கும் வேரூன்றி நின்றது.

மறைந்தபின்னரும் ஒரு துன்பம் அவரைத் தொடர்ந்தது. ஜேம்ஸ் ஜொய்ஸ் 1922 இல் வெளியிட்ட யுலிஸிஸ் என்னும் நாவலில், மதுச்சாலையிலிருந்து அந்நியரை ஏசும் குறுகிய நெஞ்சத்தவன் ஒருவன் வருகிறான். ஓமரின் காப்பியத்திலுள்ள ஒற்றைக்கண் அரக்கனுக்கு இணையாக அவனை ஜொய்ஸ் அமைத்தார். அப்பாத்திரத்துக்கு மாதிரியானவர் கியூசக்கே என்பர் ஆராய்ச்சியாளர். காவியத்தின் ஒளி பெரிது. அதன் நிழலும் பெரிது. உலகம் அறிந்த கியூசக் அவ்வொற்றைக் கண்ணரே. கிறிக்கெற்றும் ஹர்லிங்கும் ஆகிய இரண்டையும் இரு கண்களாற் கண்டு நேசித்த ஆசிரியரை உலகம் அறியாது.

வேலி மதிலான கதை

நிற்க. அவர் கட்டிய வேலி அவருக்குப்பின் மதிலாயிற்று. 1901 முதல் 1905 வரை படிப்படியாக ஒரு விதி உறுதிப்பட்டது. றகர், கிறிக்கெற், ஹொக்கி, அயல்நாட்டு உதைபந்தாட்டம் ஆகியவற்றை ஆடுவோன் சங்கத்தில் இருக்கலாகாது. பின்னர், ஆடுதல் மட்டுமன்று, காணுதலும் குற்றமாயிற்று. யார் எங்கே போகிறார் என்று பார்த்துவரக் கண்காணிப்புக் குழுக்களும் அமைந்தன.

இம்மதிலுக்குக் காரணமே இல்லை என்று சொல்லிவிடுதல் எளிது; உண்மை அன்று. சங்கம் 1913 இல் டப்ளினில் ஒரு மைதானத்தை விலைக்கு வாங்கி, முதற் போஷகரின் நினைவாகக் குரோக் பார்க் எனப் பெயரிட்டது. 1920 நவெம்பர் 21 ஆம் நாள், ஞாயிறு. காலையில் விடுதலைப் படையினர் ஆங்கில ஒற்றர் பலரைக் கொன்றிருந்தனர். பிற்பகலில் டப்ளின் அணியும் திப்பெறேரி அணியும் அங்கே ஆடிக்கொண்டிருந்தன. அரசின் படையினர் உட்புகுந்து கூட்டத்தை நோக்கிச் சுட்டனர். பதினால்வர் மாண்டனர். அவருள் மைக்கேல் ஹோகன் என்னும் ஆட்டவீரர் ஒருவர், சிறுவர் மூவர், மணநாளை எதிர்நோக்கியிருந்த மங்கை ஒருத்தி. அத்தரை அன்றுமுதல் வெறுந்தரை அன்று. அங்கே ஆங்கிலேயரின் ஆட்டம் ஆடப்படலாகாது என்று கூறியோரைக் குறுகிய நெஞ்சத்தவர் என்று நான் கூறத் துணியேன். இறந்தவரை மறவாதிருத்தலும் ஓர் அறமே.

ஆயினும் அறம் மிகைப்படின் மறமாகும் என்பதற்கும் அச்சங்கமே சான்று. டக்ளஸ் ஹைட் என்னும் பேரறிஞர் 1893 இல் கெயிலிக் மொழிக்கழகம் கண்டு, ஐரிஷ் மொழிக்கு மறுவாழ்வு தந்தவர். விளையாட்டுச் சங்கத்தின் போஷகருள் ஒருவர். 1938 இல் நாட்டின் முதற் குடியரசுத் தலைவரானார். அவ்வாண்டு நவெம்பரில், தம் நாட்டு உதைபந்தாட்ட அணி போலந்து அணியோடு ஆடியதைக் காணத் தலைவர் என்ற முறையிற் சென்றார். காணலாகாத ஆட்டத்தைக் கண்டார் என்பதற்காக, அடுத்த மாதமே சங்கம் அவரைப் போஷகர் நிலையிலிருந்து நீக்கியது. ஐரிஷ் மொழிக்கு உயிரூட்டிய முதியவர், ஐரிஷ் பண்பாட்டின் பெயராலேயே தள்ளப்பட்டார். இதைப் படிக்குந்தோறும் என் நெஞ்சு நோகும். காவலர் தம் செல்வத்தின் உரிமையாளரையே வாயிலில் மறித்த கதை அன்றோ இது!

கதவு திறந்த முறை

1971 ஆம் ஆண்டு, உயிர்த்த ஞாயிற்றுக் காலத்தில், பெல்பாஸ்ற் நகரில் கூடிய மாநாடு, பிற ஆட்டங்களை ஆடுதலையும் காணுதலையும் தடுத்த விதியை நீக்கியது. 2001 இல் வட அயர்லாந்தின் பொலிஸாருக்கும் படையினருக்கும் இருந்த தடை நீங்கிற்று. எஞ்சியது மைதானம் ஒன்றே. உறுப்பினர் வேறு ஆட்டம் ஆடலாம், ஆனால் சங்கத்தின் தரையில் ஆடலாகாது. 1972 இல் முகம்மது அலி குத்துச்சண்டையிட்டது அதே குரோக் பார்க்கில். 1996 இல் அமெரிக்க உதைபந்தாட்டமும் அங்கே நடந்தது. ஆகவே உண்மையில் அடைபட்டிருந்தவை றகரும் உதைபந்தும் மட்டுமே.

அவ்விரண்டும் ஆடப்பட்டுவந்த லான்ஸ்டவுன் வீதி மைதானத்தை இடித்துப் புதிதாகக் கட்ட வேண்டிய நிலை வந்தது. நாட்டின் அணிகளுக்கு ஆடக் களமில்லை. அயல்நாட்டிலே சென்று தாய்நாட்டு அணி ஆடுவதா என்ற வினா எழுந்தது. சங்கத்தின் தலைவராயிருந்த ஷோன் கெல்லி, திறத்தலே தகும் என்று வாதிட்டார். வேண்டிய மூன்றில் இரு பங்குக்கும் மேலாகவே வாக்குகள் கிடைத்தன. எவரும் மதிலை வெளியிலிருந்து இடிக்கவில்லை. அரசும் ஆணையிடவில்லை. உரியவர்களே கூடி, தம்முள் வாதிட்டு, தம் கையாலே திறவுகோலைத் திருப்பினார்கள். அதுவும் அண்டை வீட்டான் வீடு கட்டி முடிக்கும் வரைக்கும் எனக் காலவரையறையோடு.

2007 பெப்ரவரி 11 ஆம் நாள் முதன்முதலாக அங்கே றகர் ஆடப்பட்டது. பிரான்ஸ் அணி 20 க்கு 17 என வென்றது. பெப்ரவரி 24 ஆம் நாள் வந்தது இங்கிலாந்து அணி. ஆங்கில நாட்டின் அரசவாழ்த்து, 1920 இல் குருதி சிந்திய அதே தரையில் இசைக்கப்பட இருந்தது. ஏறத்தாழ 82,000 மக்கள். ஏளனக்குரல் எழுமோ எனப் பலர் அஞ்சினர். எழவில்லை. விருந்தினரின் வாழ்த்துப்பாட்டு முடியும்வரை மக்கள் மரியாதையோடு நின்றனர். பின்னர்த் தம் நாட்டுப் பாடலைப் பாடியபோது ஆட்டவீரர் சிலர் கண்ணீர் உகுத்தனர். அயர்லாந்து 43 க்கு 13 என வென்றது. வெற்றியைக் காட்டிலும் அம்மௌனமே பெரிதென்பேன். தன் வீட்டில் தானே தலைவன் என்னும் உறுதி உள்ளவனுக்கே விருந்தினனை அப்படி வரவேற்க இயலும். மார்ச் 24 இல் உதைபந்தாட்ட அணி வேல்ஸ் நாட்டை 1 க்கு 0 என வென்றது. 2010 இல் புதிய மைதானம் எழுந்ததும் விருந்தினர் தம் வீடு சென்றனர்.

திறந்ததனால் ஹர்லிங் அழிந்ததா? இல்லை. ஆண்டுதோறும் இறுதிப்போட்டிக்கு அவ்வரங்கு நிரம்பவே செய்கிறது. அங்கே ஒரு பார்வையாளர் மேடைக்கு ஹோகன் பெயரும், எதிரேயுள்ள மேடைக்குக் கியூசக் பெயரும் நிலைத்துள்ளன. பதவியிலிருந்து நீக்கப்பட்டவர் தம் மேடையின் வடிவில் நின்று, தாம் இளமையில் ஆடிய றகரை அன்று கண்டார் எனக் கற்பனை செய்வதில் எனக்கோர் இன்பம் உண்டு.

நமக்கு இதனால் ஆவது

கொழும்பில் விளையாட்டுக் கழகங்கள் பல இனப்பெயரோடு பிறந்தவை. சிங்களவருக்கு ஒன்று, பறங்கியருக்கு ஒன்று, சோனகருக்கு ஒன்று. தமிழ் யூனியன் கழகம் 1899 இல் தோன்றியது. அக்கழகம் பொறளைப் பகுதியிற் கண்ட மைதானம் இன்று பாக்கியசோதி சரவணமுத்து என்னும் தமிழரின் பெயர் தாங்கி நிற்கிறது. 1982 பெப்ரவரி 17 ஆம் நாள் இலங்கையின் முதலாவது டெஸ்ற் போட்டி தொடங்கியது அங்கேதான். 1985 இல் நாட்டின் முதலாவது டெஸ்ற் வெற்றி கிட்டியதும் அத்தரையிலேயே. தமிழர் தமக்கெனக் கண்ட களம் நாடு முழுவதுக்கும் களமாயிற்று. அதனால் அதன் பெயர் மாறவில்லை. இன்று பல இனத்து வீரரும் அக்கழகத்துக்காக ஆடுகின்றனர்.

திறந்த கதவு நமக்கு உண்டு. நமக்கு இல்லாதது கியூசக் செய்த முதல் வேலையே. பாமன்கடையிலும் வெள்ளவத்தையிலும் மாலைவேளையில் ஒழுங்கைகளில் கிறிக்கெற் ஆடும் தமிழ்ச் சிறுவரைக் காண்கிறேன். மகிழ்ச்சியே. அவருட் பலர் கிளித்தட்டு என்னும் சொல்லையும் கேட்டறியார். தாச்சி மறித்தல் என்று பாட்டனார் கூறினால், அது யாதென வினவுவர். கோடுகள் கிழித்த மண்ணும் ஓடும் கால்களுமன்றி வேறொன்றும் வேண்டாத அவ்வாட்டத்துக்கு, ஊருக்கு ஊர் வேறுபடாத விதியை வகுத்து, பள்ளிகளுக்கிடையே ஆண்டுதோறும் போட்டி நடத்த ஒருவர் முன்வரின், அவரும் நம்முடைய தேர்லஸ் நகரத்து எழுவருள் ஒருவராவார்.

மொழிக்கும் இதுவே முறை. விபுலானந்த அடிகளார் 1916 இல் மதுரைத் தமிழ்ச்சங்கத்தின் பண்டிதர் பரீட்சையில் தேறியவர். விஞ்ஞானப் பட்டமும் பெற்றவர். சேக்கிஸ்பியரின் நாடகங்களைத் தமிழ்க் கண்கொண்டு ஆராய்ந்து 1926 இல் மதங்க சூளாமணி என்னும் நூலை ஆக்கிய அவரே, பண்டைத் தமிழிசையை மீட்டு 1947 இல் யாழ்நூலை வெளியிட்டார். ஒரு கை வாயிலைத் திறக்க, மறுகை வேரைக் காத்தது. வேரைக் காவாது வாயிலை மட்டும் திறந்தவன் வீட்டில் விருந்தினரே இருப்பர்; வாயிலைத் திறவாது வேரை மட்டும் காத்தவன், ஹைட் பெரியாரையும் ஒருநாள் வெளியே தள்ளுவான். இவ்விரு பிழையும் நேராதபடி காக்கும் கடன் ஆசிரியராகிய நமக்கே முதலில் உரியது. கிளித்தட்டின் கோடுகளைப் பள்ளி முற்றத்தில் ஒருமுறை கிழித்துக் காட்டுவதற்கு அரசின் ஆணையும் பெரும்பொருளும் வேண்டுவதில்லை. அடுத்த தவணை தொடங்கும்போது நம்முட் சிலரேனும் அதனைச் செய்வோமாக.